சுக்கிலநத்தமும் நிக்காஹ் மஜ்லிஸும்: ‘முற்போக்கு’ என்னும் சொல்லை முன்வைத்து

தமிழில் மிகுதியாகப் புழங்கியும் மிகக் குறைவாக ஆராயப்பட்டும் வந்துள்ள சொற்களுள் ‘முற்போக்கு’ ஒன்று. ஒருவர் தம்மை முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும்போது அது பட்டமாகிறது. மற்றவர் அவரை அவ்வாறு அழைக்கும்போது, சொல்லப்படும் இடத்தைப் பொறுத்துப் பாராட்டாகவோ பழியாகவோ அது மாறுகிறது. நம் சமுதாய மேடைகளில் பெரும்பாலும் அது பழியாகவே ஒலிக்கிறது. மார்க்கப் பிடிப்பற்றவர் என்பதற்கான நாகரிகமான மாற்றுச் சொல் அது. வெளி மேடைகளிலோ, ‘முஸ்லிமாக இருந்தும் முற்போக்காளர்’ என்று நம்மில் சிலரைப் பாராட்டும் வழக்கம் உண்டு. அந்தப் பாராட்டிலுள்ள ‘இருந்தும்’ என்னும் சொல்லில் எத்தனை இழிவு ஒளிந்திருக்கிறது என்பதைப் பாராட்டுவோரும் உணர்வதில்லை. பாராட்டப்படுவோரும் பல வேளைகளில் உணர்வதில்லை.

இச்சொல்லின் வரலாறு நீண்டதன்று. 1936 இல் இலக்னோவில் கூடிய அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டிற்குப் பின் உருதுவில் ‘தரக்கீ பசந்த்’ என்னும் தொடர் ஓர் இலக்கிய முகாமின் பெயராயிற்று. இலங்கையில் 1954 இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. தமிழகத்தில் 1975 இல் அத்தகைய அமைப்பு ஒன்று மதுரையில் உருவானது. ஆக, இச்சொல் நம்மிடையே முதலில் ஒரு முகாமின் அடையாளமாகவும், பிறகே ஒரு விழுமியத்தின் பெயராகவும் பரவியது. ‘தாராளவாதம்’ என்னும் சொல்லின் கதி இதைவிடப் பரிதாபமானது. 1991 ஆம் ஆண்டின் பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ‘தாராளம்’ என்றாலே சந்தையும் இறக்குமதியும்தான் நினைவுக்கு வருகின்றன. மனிதனின் மனச்சான்று, அவனது சம்மதம், மாறுபட்டு நிற்கும் அவனது உரிமை ஆகியவற்றைக் குறித்த பழைய பொருள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஹுர்ர்’, அதாவது சுதந்திரமானவர், என்னும் சொல் அரசியல் முழக்கமாக வருவதில்லை. உடன்படிக்கைகளைப் பற்றிய பாடங்களில், யாருடைய சொல் செல்லும், யாருடைய சொல் செல்லாது என்று வரையறுக்கும் இடத்தில் வருகிறது. விடுதலை என்பது, தன் வாயால் ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்லும் தகுதி. இந்த வரையறையை மனத்திற்கொண்டு, நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து இந்த ஆய்வைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

வானம் பார்த்த பூமியில் ஒரு திருமணம்

அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் 1928 மே மாதம் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, வேள்வித் தீ இல்லை, மணமக்களுக்குப் புரியாத மொழியில் மந்திரமும் இல்லை. சுயமரியாதை இயக்க வரலாறுகள் இதனையே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடுகின்றன. இத்தகைய ஒன்று சென்னையிலோ மதுரையிலோ தொடங்காமல், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டின் ஓரத்தில் தொடங்கியது தற்செயலன்று என்பது என் கருத்து.

இவ்வட்டாரம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985 இல்தான் மாவட்டம் பிரிந்தது. கண்மாயையும் மழையையும் நம்பிய மானாவாரி நிலம். இங்கே நீரைவிட மதிப்பு மிக்க பொருளாக மரியாதை இருந்தது. திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்றின் போக்கிலுள்ள கமுதியில், 1897 இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். அதற்காகத் தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899 இல், சிவகாசியில் பெருங்கலவரம் நடந்தது. யார் எந்த வாசல் வரை வரலாம் என்பதைச் சாத்திரமும் வழக்கும் சேர்ந்து தீர்மானித்த நிலம் இது. அங்கே புரோகிதரை அழைக்காமல் திருமணம் செய்வது வெறும் சிக்கன நடவடிக்கை அன்று. தன் வீட்டுச் சடங்குக்குத் தனக்கு மேல் ஒருவரின் அனுமதி தேவையில்லை என்று அறிவிப்பதாகும்.

அதற்கு விலை இருந்தது. ஊராரின் ஏளனம் அந்த விலையின் சிறு பகுதி மட்டுமே. சட்டத்தின் மௌனமே பெரும்பகுதி. இந்து முறைப்படியும் நடக்காமல், நிலைபெற்ற வழக்காறாகவும் இல்லாத இத்திருமணங்கள் செல்லாது என்று 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கொள்கைக்காக மணம் புரிந்த தம்பதியின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகளாகவும், மனைவியர் மனைவியர் அல்லாதோராகவும் ஆகும் நிலை அது. அதற்குப் பின்னும் இத்திருமணங்கள் தொடர்ந்தன. அறிஞர் அண்ணாவின் அரசு 1967 இல் கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. முன்னரே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது ஏற்பு வழங்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இத்தகைய திருமணம் ஊரறியப் பகிரங்கமாக நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று தெளிவுபடுத்தியது. சாதிக்கு அஞ்சி ஒளியும் இளையோருக்கு 1928 இன் அந்தச் சிற்றூர்த் திருமணம் இன்றும் ஒரு புகலிடமாக இருக்கிறது என்பதே இதன் பொருள்.

நம் பெருமிதமும் அதன் பாதி உண்மையும்

இந்த வரலாற்றைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு உடனே தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு: ‘இது நிக்காஹ் அல்லவா!’ உண்மைதான். நிக்காஹ் ஒரு சடங்கன்று, உடன்படிக்கை. ஒரு தரப்பின் ஈஜாப், மறு தரப்பின் கபூல், சாட்சிகள், மஹர். குத்பா ஓதுவது சுன்னத். அது நிக்காஹ் நிறைவேறுவதற்கான நிபந்தனை அன்று. ஆலிமோ இமாமோ இல்லாமலேயே நிக்காஹ் செல்லும். இடைத்தரகர் இல்லாத திருமணத்தை அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஆறாம் நூற்றாண்டு கடந்த அரபு மண்ணிலேயே நிலைநிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் 1928 இல்தான் கண்விழித்தார்கள் என்று நம் மீலாது மேடைகளில் முழங்கப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இளமையில் நானும் அவ்வாறே முழங்கியதுண்டு.

அந்தப் பெருமிதம் பாதி உண்மை. உடன்படிக்கையின் வடிவம் நம்மிடம் இருந்தது, இருக்கிறது. ஆனால் வடிவம் விழுமியத்தின் பாத்திரமே தவிர விழுமியம் அன்று. பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் பரீரா (ரலி) அவர்களின் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அப்பெண்மணி. விடுதலை பெற்றதும், அடிமையாக இருந்த கணவர் முஃகீஸுடன் தொடர்ந்து வாழ்வதா, பிரிவதா என்னும் தேர்வு அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவைத் தேர்ந்தார். மதீனாவின் தெருக்களில் முஃகீஸ் அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தார். இரக்கங்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் எடுத்துரைத்தார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அப்படியானால் அவர் தமக்கு வேண்டாம் என்று பரீரா மறுத்துவிட்டார். மறுத்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. அவரது ஈமானில் குறை காணப்படவும் இல்லை.

இதைவிடச் சிறந்த தாராளவாதப் பாடத்தை எந்த மேலைத் தத்துவ நூலிலும் நான் கண்டதில்லை. கட்டளைக்கும் பரிந்துரைக்கும் இடையே கோடு போடப்படுகிறது. கோட்டுக்கு இப்பால், நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் விருப்பம், அல்லாஹ்வின் தூதருடைய விருப்பத்திற்கு எதிராகவும் செல்லும். தம் சம்மதமின்றித் தந்தை செய்துவைத்த மணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் திருமணம் ரத்துச் செய்யப்பட்டதும் அதே நூலில் உள்ளது. உள்நாட்டு ராவுத்தர்களாகிய நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபு ஒரு படி மேலே சென்று, பருவமடைந்த, அறிவுத்தெளிவுள்ள பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம் என்கிறது. கடற்கரையூர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபு வலியை நிபந்தனையாக்குகிறது. அந்த வேறுபாட்டில் இரு தரப்புக்கும் ஆதாரங்கள் உள்ளன. ஆனால் பெண்ணின் விருப்பத்திற்கு மதிப்பு உண்டா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

இனி நம் மஜ்லிஸைப் பார்ப்போம். பந்தல் போட்டாயிற்று, பிரியாணிச் சட்டி இறங்கிவிட்டது, ஊர் கூடிவிட்டது. அந்த வேளையில் ஒரு வக்கீலும் இரு சாட்சிகளும் பெண் இருக்கும் அறையின் வாசலுக்குச் சென்று சம்மதம் கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று சொல்ல முடியாத நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் ‘ஆம்’ எப்படிச் சம்மதமாகும்? கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்பது அவளது நாணத்தை மதித்து வழங்கப்பட்ட சலுகை. அதை நாம் கேட்காமலேயே இருப்பதற்கான சலுகையாக மாற்றிக்கொண்டோம்.

மஹரின் கதையும் இதுவே. அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து நான்காம் வசனம் அதனை மனமுவந்து பெண்ணுக்கே கொடுக்கச் சொல்கிறது. கரிசல் காட்டின் உழைக்கும் சாதிகள் பலவற்றிலும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் போடும் வழக்கம் இருந்தது. பெண்ணும் காட்டில் உழைத்தாள், அவளை இழக்கும் வீட்டுக்கு அது ஈடு. ரொக்க ஊதியமும், அரசு வேலையும், 1970களுக்குப் பின் வளைகுடாப் பணமும் ஆணின் கைக்கு வந்தபோது காற்று திசை மாறியது. மாப்பிள்ளைக்கு விலை ஏறியது. பரிசம் மறைந்து வரதட்சணை வந்தது. மஹரைக் கடமையாக்கிய சமுதாயமும் கைக்கூலி வாங்கக் கற்றுக்கொண்டது. 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று தெளிவாக விலக்கு அளித்தது. சட்டம் நம் மஹரை மதித்தது. நாமோ அதனை ஆயிரத்தொரு ரூபாயாகச் சுருக்கி, பெண் வீட்டாரிடம் பல இலட்சங்களைப் பெற்றோம்.

இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹுக்குக் குத்பா ஓதச் சென்றிருந்தேன். பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரில் மஹருக்கு ஒரு பத்தி. அதற்கு அடுத்து, பெண் வீட்டார் கொடுத்த தொகைக்கு ஒரு பத்தி. பின்னால் மணவிலக்கு நேர்ந்தால் பெண்ணுக்குத் திருப்பித் தரச் சான்று வேண்டுமே என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அத்தொகையில் ஒரு பங்கு பள்ளிவாசலுக்கு என்று எழுதப்பட்டிருந்ததைப் படித்தும் நான் குத்பா ஓதினேன், துஆவும் செய்தேன், உணவும் உண்டேன். அடுத்த வாரம் பரீராவின் ஹதீஸ் பாடத்தில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், அந்த நிக்காஹில் பெண்ணிடம் யாராவது முன்கூட்டியே கேட்டார்களா?” என்று மரியாதையோடு வினவினார். விடை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இக்கட்டுரை அந்த வினாவுக்குக் காலந்தாழ்ந்து நான் எழுதும் விடை என்றும் கொள்ளலாம்.

தனக்கு எதிராகச் சாட்சி சொல்லுதல்

முற்போக்கான ஒரு விழுமியத்தைக் கைக்கொள்வது என்றால் என்ன? அந்த விழுமியத்தைப் பிறர்மேல் சுமத்துவது எளிது. அதற்குரிய முகாமில் உறுப்பினராவது அதைவிட எளிது. அல்குர்ஆன் 4:135 இல் காணும் அளவுகோலையே நான் ஏற்கிறேன். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியின் பக்கம் சாட்சியாக நில்லுங்கள் என்பது அதன் கருத்து. ஐந்தாம் அத்தியாயத்து எட்டாம் வசனம் இதன் மறுபக்கம்: ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்யக் கூடாது. தன்னவருக்கு எதிராகவும், பகைவருக்குச் சாதகமாகவும் ஒரு நெறி பேசுமானால் அது விழுமியம். அவ்வாறு பேசாதது, எவ்வளவு அழகாக இருப்பினும், ஆயுதம் மட்டுமே.

இந்த அளவுகோலை முதலில் தம்மை முற்போக்காளர் என்று அழைத்துக்கொள்வோர் மீது வைப்போம். தொடக்ககாலச் சுயமரியாதையர் பலர் இதில் தேறியவர்கள். 1929 இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. அம்மாநாட்டிற்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்னும் நிலையை எடுத்தார். கமுதிக் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவர், தமக்குக் கீழே வைக்கப்பட்டோருக்காகப் பேருந்தின் வாசலைத் திறந்துவிட்டார். விழுமியம் என்பது இதுதான்.

வாரிசுகளின் நிலை வேறு. புரோகிதர் இல்லாத மேடை இருக்கிறது. தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. ஆனால் மணமக்கள் இருவரும் ஒரே சாதி, வாசலில் நிற்பதோ சீராக வந்த மகிழுந்து என்னும் காட்சி இன்று அரிதன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சாதி ஒழிப்பைப் பேசும் நாட்டில் சாதிக்கு வெளியே மணம் புரிவதன் விலை என்ன என்பது தெரிந்தது. 1947 இல் பெரியார், சூத்திரர் என்னும் இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என்று பரிந்துரைத்தார்; அதே மூச்சில், முஸ்லிம்களிடம் புகுந்துவிட்ட மூட வழக்கங்களையும் கோஷாவையும் கண்டிக்கவும் செய்தார். அவருக்குப் பின் வந்தோரில் சிலர் நம்மைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர் நம்மைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2019 ஆம் ஆண்டின் முத்தலாக் சட்டம் முஸ்லிம் கணவனுக்கு மட்டும் மூன்றாண்டு வரையிலான சிறையை விதித்தபோது, பெண்ணுரிமை என்னும் பெயரைக் கேட்டே அதனை வரவேற்றவர்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2017 இலேயே செல்லாது என்று அறிவித்துவிட்ட ஒரு சொல்லுக்காக ஒருவரை ஏன் சிறையிலிட வேண்டும், மனைவியைக் கைவிட்டுச் செல்லும் பிற சமயத்துக் கணவனுக்கு அவ்வாறு ஏன் இல்லை என்னும் எளிய வினாக்களை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

நம் முறை

அளவுகோலை இப்போது நம் பக்கம் திருப்புவோம். இல்லையேல் இக்கட்டுரையும் ஆயுதமாகிவிடும்.

முதலாவது, சமத்துவம். 1981 இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. தோளோடு தோள் நிற்கும் தொழுகை வரிசையை நாம் சான்றாகக் காட்டினோம். தொழுகை வரிசையில் உள்ள சமத்துவம் சம்பந்தம் பேசும் இடத்திலும் உண்டா என்று புதிதாக வந்தவர் கேட்டால், நாணமின்றி விடை சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? நம் ஹனஃபி நூல்களின் கஃபாஅத் பாடம் தொழில்களை வரிசைப்படுத்துகிறது. நெசவாளி துணி வணிகருக்கு இணையில்லை என்கிறது. நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பிறந்த மாணவர்கள் முன்னிலையில் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது என் குரல் தாழ்ந்துவிடும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பொருத்தம் என்பதை மார்க்கப் பற்றிலேயே கண்டார்கள். ஹனஃபி அறிஞரான கர்கீ (ரஹ்) அவர்களே கஃபாஅத் நிபந்தனையை ஏற்கவில்லை. இவ்விரு கருத்துகளையும் அதே வகுப்பில் சொல்லாமல் விடும் ஆசிரியர் பாதிப் பாடமே நடத்தியவர் ஆவார்.

இரண்டாவது, மாறுபடும் உரிமை. இது கடினமான இடம். 2007 இல் தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் தம் எழுத்துக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2017 மார்ச் 16 அன்று கோவையில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பை வெளிப்படையாகப் பேசியவர் அவர். அவ்வழக்கில் கைதானோர் நம் சமுதாயத்தவர். சுக்கிலநத்தத்தில் ஒரு திருமணத்தை நடத்திவைத்த அதே இயக்க மரபின் பிள்ளை, நம் மார்க்கத்தின் பெயரால் கொல்லப்பட்டான். கண்டன அறிக்கைகள் வந்தன. ‘இஸ்லாத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

அவ்வாறு கடந்துவிடுவது அறிவு நாணயம் ஆகாது. மார்க்கத்தை விட்டு நீங்கியவருக்குத் தண்டனை உண்டு என்னும் பாடம் நம் நூல்களில் உள்ளது. நாங்கள் அதை நடத்துகிறோம். மறைக்காமல் பேசினால்தான் அதன் எல்லைகளையும் பேச முடியும். அந்நூல்களின்படியே அது அரசும் நீதிபதியும் விசாரித்துத் தீர்க்க வேண்டியது. தனியொருவர் கத்தி எடுப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. மேலும், மார்க்கம் மாறிய பெண்ணைக் கொல்லக் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. இமாம் ஸரக்ஸீ (ரஹ்) ‘அல்மப்ஸூத்’ நூலில் இதற்குத் தரும் விளக்கம் ஆழமானது: இறைமறுப்பு மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான கணக்கு, அதற்குரிய கூலி மறுமையில், இம்மைத் தண்டனைக்குக் காரணம் போர் தொடுத்தல். அவ்வாறாயின், போர் தொடுக்காமல் பேசவும் எழுதவும் மட்டும் செய்த ஒருவர் மீது அந்தத் தண்டனைக்குக் காரணமே இல்லை. மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்னும் 2:256 வசனத்தைப் பிற சமயத்தார் முன்னிலையில் நாம் ஓதுகிறோம். நம் வீட்டில் பிறந்து நம்மை விட்டுப் போனவர் முன்னிலையில் அதை ஓத முடிகிறதா என்பதே சோதனை. நம் வழிபாட்டு உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 25 ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தில்தான் தொடங்குகிறது. அந்த நிழலில் ஒதுங்கும் நாம் அதை மற்றொருவருக்கு மறுக்க முடியாது.

மார்க்கத்திற்குள்ளேயே ஒரு முன்மாதிரி

‘இவ்வாறெல்லாம் பேசினால் மார்க்கம் கரைந்துவிடும்’ என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கணவன் காணாமற்போயும் கைவிட்டும் மணவிலக்குப் பெற வழியின்றித் தவித்த பெண்கள் சிலர், திருமண முறிவுக்காகவே மார்க்கத்தை விட்டு நீங்கும் அவலம் பஞ்சாபில் நிகழ்ந்தது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் மரபில் ஊறியவர். ஹனஃபி மத்ஹபில் உறுதியானவர். அவர்களே மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று, ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில் அப்பெண்களுக்கு வழி திறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. தம் மத்ஹபின் எல்லையைத் தாமே தாண்டியதற்காக எவரும் அவர்களை முற்போக்காளர் என்று அழைக்கவில்லை. அவர்களும் அந்தப் பட்டத்தை வேண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பெண்ணின் கண்ணீர் தம் நூலைவிடப் பெரிது என்று கண்ட அந்தக் கணத்தில், பட்டம் சூடிய பலரைவிட அவர்கள் முன்னே இருந்தார்கள்.

அந்த வழி நின்றுபோகவில்லை. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத், மஹல்லாவின் பஞ்சாயத்தில் பெண்ணின் குரல் ஏன் கேட்கவில்லை என்று வினவியது. அதன் விடைகள் அனைத்தும் எனக்கு உடன்பாடானவை அல்ல. வினா மட்டும் நம்முடையது. கைக்கூலி மணங்களைப் புறக்கணிக்கும் பிரசாரத்தைத் தவ்ஹீத் இயக்கத்தார் முன்னெடுத்தார்கள். அவர்களோடு எனக்குப் பல மஸ்அலாக்களில் கருத்து வேறுபாடு உண்டு. இந்த ஒன்றில் அவர்கள் எங்களுக்கு முன்னால் நடந்தார்கள் என்று எழுதாவிட்டால், மேலே நான் வைத்த அளவுகோலில் நானே தோற்றுவிடுவேன். கடலுக்கு அப்பால் இலங்கையில், 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவே இல்லை. வலி ஒப்பமிட்டால் போதும் என்று விட்டது. அதைத் திருத்த 2009 இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018 இல்தான் கையளித்தது. ஒரு கையொப்பத்தைப் பற்றிப் பேசி முடிக்க ஒன்பது ஆண்டுகள்!

அந்த வகையில் தமிழகத்தில் நம் நிலை மேல். 2009 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்திற்கு நம் அமைப்புகள் பல மறுப்புத் தெரிவித்தன. ஆயினும், பள்ளிவாசல் தஃப்தர்கள் பலவற்றில் மணமகளின் கையொப்பத்திற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. குத்பா முடிந்த பிறகு, கூட்டம் உணவுக்கு எழும் நேரத்தில், யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தை உள்ளே எடுத்துச் சென்று அதை நிரப்பிக்கொண்டு வருகிறார்.

அந்தப் புத்தகம் நிக்காஹ் நாளுக்கு ஒரு மாதம் முன்பே, பந்தல் போடுவதற்கும் பத்திரிகை அடிப்பதற்கும் முன்பே, பெண்ணின் வீட்டிற்குச் செல்லட்டும். மஹர் எவ்வளவு, எப்போது என்று அவளிடமே கேட்டு எழுதப்படட்டும். கைக்கூலிக்கான பத்தி புத்தகத்திலிருந்தே நீக்கப்படட்டும். அதை வாங்கும் மஜ்லிஸில் குத்பா ஓத எங்களைப் போன்றோர் மறுக்கட்டும். மறுப்பதால் சில வீடுகளின் அழைப்பும் சில ஊர்களின் மரியாதையும் போகும். சுக்கிலநத்தத்தில் மணம் புரிந்தவர்கள் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. நான் கடந்த சில ஆண்டுகளாக மறுத்து வருகிறேன். இதுவரை மூன்று ஊர்களில் என்னை அழைப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் ஊரில் அந்தப் பத்தியை நீக்கியிருக்கிறார்கள்.